பிரஹ்மாஸ்த்ரமும் சணற்கயிறும்
(மஹாவிச்வாஸத்தைப் பற்றிய ஒரு விசாரம்)

ப்ரபத்திக்கு அங்கங்கள் 5 என்று பாஞ்சராத்ர ஸம்ஹிதைகளைப் பின்பற்றி ஆசார்யர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆநுகூல்ய ஸங்கல்பம், ப்ராதிகூல்ய வர்ஜநம், கார்ப்பண்யம், மஹாவிச்வாஸம், கோப்த்ருத்வ வரணம் என்பன அவை. இவற்றுள் விச்வாஸத்துக்கு மட்டும் 'மஹா' என்னும் அடைமொழியைக் கூட்டி வழங்குவது ஸம்ப்ரதாய வழக்கு. இவ்விச்வாஸம் ப்ரபத்திக்கு அங்கமா, அல்லது அதிகாரியின் நிலையைக் காட்டும் அத்யவஸாயமா என்பதில் இரு கலையாருக்கும் நிர்வாஹ பேதம் உண்டு. இது இல்லாத இடத்தில் சரணாகதி இல்லை என்பதில் பேதம் இல்லை.

'எம்பெருமான் ரக்ஷிப்பான்' என்று துணிவது எளிதாகத் தோன்றலாம். அத்துணிவு வேறொருவரையும் பக்கபலமாக வைத்துக்கொள்ளாமல் நிற்பதே அரிது. ஸந்நிதியில் சேவித்து, தீர்த்தமும் சடாரியும் பெற்று வெளியே வரும்போதே, 'இன்னார் நமக்கு இருக்கிறார்' என்று ஒரு மனிதரை நினைத்து நெஞ்சு ஆறுதல் அடைகிறது. அந்த ஆறுதல் எங்கிருந்து பிறந்தது என்று ஆராய்ந்தால், ப்ரபந்நன் என்று பேர்பெற்றவனுடைய விச்வாஸம் எத்தனை பங்காகப் பிரிந்து கிடக்கிறது என்பது விளங்கும்.

'தெய்வத்தை நம்பு, மனிதரை நம்பாதே' என்று உலகோர் சொல்வதுண்டு. இவ்வார்த்தை பெரும்பாலும் மனிதரால் ஏமாற்றமடைந்தவர் வாயிலிருந்து கசப்போடு வருகிறது. பூர்வாசார்யர்கள் உபதேசித்த விச்வாஸத்தில் அந்தக் கசப்பு இல்லை. அது எதனால் என்பதை ஸ்ரீராமாயணத்தின் ஸுந்தரகாண்டத்தைக் கொண்டும், ஆசார்யர்களின் வார்த்தைகளையும் அநுஷ்டாநத்தையும் கொண்டும் இங்கே சிறிது விசாரிப்போம்.

கட்டு அவிழ்ந்த விதம்

ஸுந்தரகாண்டம் 48ஆம் ஸர்கத்தில் இந்த்ரஜித்து சிறிய திருவடியின்மேல் பிரஹ்மாஸ்த்ரத்தை விடுகிறான். திருவடி கட்டுண்டு விழுகிறார். அஸ்த்ரத்தின் கட்டு கண்ணுக்குப் புலப்படாதது. சுற்றி நின்ற ராக்ஷஸர்களுக்கு அதில் நம்பிக்கை உண்டாகவில்லை. விழுந்து கிடப்பவர் மறுபடி எழுந்தால் என் செய்வது என்று எண்ணி, சணற்கயிறும் மரவுரியும் கொண்டுவந்து இறுக்கிக் கட்டினார்கள். மற்றொரு கட்டைப் பொறாதது பிரஹ்மாஸ்த்ரத்தின் இயல்பு. கயிறு மேலே விழுந்த க்ஷணத்தில் அஸ்த்ரம் தானே விலகிவிட்டது.

இதைக் கண்டு வருந்தியவன் இந்த்ரஜித்து ஒருவனே. அஸ்த்ரத்தின் தன்மை அறிந்தவன் அவன். மந்த்ரத்தின் போக்கை ஆராயாமல் இவர்கள் செய்த செயலால் பெரிய காரியம் வீணாயிற்றே என்றும், ஒரு முறை கெட்ட பின் வேறு அஸ்த்ரமும் பயன்படாதே என்றும் அவன் கலங்கியதாக வால்மீகி பகவான் காட்டுகிறார். கட்டியவர்களோ, இப்போதுதான் நன்றாகக் கட்டினோம் என்று மகிழ்ந்தார்கள். காப்பு நீங்கிய நேரமும், காப்பு உறுதியாயிற்று என்று அவர்கள் நினைத்த நேரமும் ஒன்றாக இருந்ததே இதில் ஊன்றி நோக்கத்தக்கது.

ப்ரபத்தியின் ஸ்வபாவத்தைச் சொல்லுமிடத்தில் இதனையே நம் ஆசார்யர்கள் த்ருஷ்டாந்தமாக எடுத்தார்கள். பக்தியோகம் அங்கங்களை வேண்டி நிற்கும். கர்மமும் ஜ்ஞாநமும் அதற்குத் துணை. ப்ரபத்தி தன்னையொழிந்த மற்றோர் உபாயத்தைப் பொறாது. சரம ச்லோகத்திலுள்ள 'ஏக' சப்தத்துக்குப் பிள்ளை லோகாசார்யர் முமுக்ஷுப்படியிலும், வேதாந்த தேசிகர் ரஹஸ்யத்ரயஸாரத்திலும் விரிவாக அர்த்தம் காட்டியிருப்பது இக்கருத்தைப் பற்றியே. ஒருவனான அவனிடத்தில் இரண்டாவது ஒன்றைக் கூட்டினால் அது மிகுதியாவதில்லை. முதலிலிருந்த ஒன்றும் போய்விடுகிறது.

இரண்டாவது கட்டைக் கட்டுகிறவன் முதற்கட்டை வெறுப்பவன் அல்லன். ராக்ஷஸர்கள் அஸ்த்ரத்தை எடுத்தெறிய நினைக்கவில்லை. அதோடு இதுவும் இருக்கட்டும் என்றே நினைத்தார்கள். விச்வாஸக் குறைவு பெரும்பாலும் நாஸ்திகமாக வருவதில்லை. முன்ஜாக்ரதை என்ற பெயரில்தான் வருகிறது.

மூவர் விட்டவை

இந்நிலைக்கு உதாஹரணமாக ஸ்ரீவசநபூஷணம் மூவரைக் காட்டுகிறது. பிராட்டி தன் சக்தியை விட்டாள். திரௌபதி லஜ்ஜையை விட்டாள். திருக்கண்ணமங்கையாண்டான் தன் முயற்சியை விட்டார் என்பது அங்குள்ள கருத்து. மூவரும் விட்டவை வேறு வேறு. பற்றியது ஒன்றே.

பிராட்டிக்கு ராவணனை எரிக்கும் சக்தி உண்டு. பெருமாளின் நியமநம் இல்லாமையாலும், தன் தவத்தைப் பேணவேண்டியிருப்பதாலும் அவனைச் சாம்பலாக்காமல் இருப்பதாகத் தானே அவனிடம் சொல்லுகிறாள். அச்சக்தி உண்மையே என்பதற்குப் பின்னே ஸாக்ஷி கிடைக்கிறது. திருவடியின் வாலில் நெருப்பு இட்டார்கள் என்று கேட்டபோது, அவருக்குக் குளிர்ந்திருக்க வேண்டும் என்று அக்நியை வேண்டினாள், அவ்விதமே ஆயிற்று. குளிரச் சொல்லவல்லவளுக்குச் சுடச் சொல்லவும் வல்லமை உண்டு. பிறருக்காக ஆண்ட சக்தியைத் தன் ரக்ஷணத்துக்காக அவள் ஆளவில்லை.

திரௌபதியின் நிலை வேறு. அவளுக்கு மனிதத் துணை நிறையவே இருந்தது. கணவர் ஐவரும் அந்த ஸபையிலேயே இருந்தார்கள். பீஷ்மரும் த்ரோணரும் வீற்றிருந்தார்கள். தர்மம் எது என்று அவள் கேட்ட கேள்விக்குப் பீஷ்மரால் முடிவு சொல்ல இயலவில்லை. தர்மம் ஸூக்ஷ்மமானது என்று நின்றுவிட்டார். விதுரரும் விகர்ணனும் பேசினார்கள். அவர்கள் வார்த்தை ஏறவில்லை. ஆகவே அங்கிருந்தோர் அனைவரும் தீயவர் என்று சொல்லவொண்ணாது. நல்லவரும் இருந்தார்கள், வல்லவரும் இருந்தார்கள், அன்புடையவரும் இருந்தார்கள். இம்மூன்றும் உள்ளவர்களிடத்திலும் அந்த நேரத்தில் காக்க முடியாமை இருந்தது. மனிதரைப் பற்றிய குற்றச்சாட்டாக இதைக் கொள்ளாமல், மனிதரின் எல்லை எது என்று அறிவதற்காகவே இதை அநுஸந்திக்க வேண்டும். புடவையைப் பற்றியிருந்த கையையும் விட்டு அவள் கோவிந்த நாமத்தைச் சொன்னாள் என்று காலக்ஷேபங்களில் பெரியோர் விரித்துரைப்பர்.

உத்யோக பர்வத்தில் கண்ணன் இதை நினைத்து வருந்துமிடம் ஒன்று உண்டு. தூரத்திலிருந்த தன்னை அவள் பேரிட்டுக் கூவினது, ஏறிப்போன கடன்போலத் தன் நெஞ்சைவிட்டு அகலவில்லை என்கிறான். புடவை வளர்ந்த பின்பும் அவன் கணக்கில் கடன் தீரவில்லை. தன்னொருவனையே நம்பினவர்களிடத்தில் அவன் படும் பாடு இது.

ஆண்டான் கற்ற இடம்

மூன்றாமவரான திருக்கண்ணமங்கையாண்டானின் வ்ருத்தாந்தம் இவ்விசாரத்துக்கு மிகவும் உதவுவது. இவர் நாதமுநிகளின் சிஷ்யர். ஒருவன் வளர்த்த நாயை மற்றொருவன் அடித்தான். நாயை உடையவன் அதைப் பொறாமல் அவனோடு போர் செய்தான், இருவரும் மாண்டார்கள். இதைக் கண்ட ஆண்டான், 'ஒரு நாயைத் தன்னது என்று அபிமாநித்த மனிதன் அதற்கு நேர்ந்த அவமாநத்தைப் பொறாமல் உயிரையும் விட்டானே. ஸர்வேச்வரன் தன்னுடைமையான ஆத்மாவை விட்டுக்கொடுப்பானோ' என்று தெளிந்தார். அன்றே தன் ரக்ஷணத்தில் தமக்கிருந்த முயற்சியை விட்டு, பக்தவத்ஸலன் திருவாசலில் வந்து கிடந்தார்.

மனிதரை வெறுத்து ஆண்டான் எம்பெருமானிடம் வரவில்லை. ஒரு மனிதனுடைய அபிமாநத்தைக் கண்டு வியந்தே வந்தார். அந்த மனிதன் நாயைக் காக்கவும் இல்லை, தானும் பிழைக்கவில்லை. அபிமாநம் இருந்தது, சக்தி போதவில்லை. இரண்டும் குறைவற்ற இடம் ஒன்று உண்டென்று ஆண்டானுக்குக் காட்டியது அந்தக் குறைவுள்ள மனிதனின் அன்பே. பிறருடைய அன்பு எம்பெருமானுடைய ரக்ஷகத்வத்துக்குப் போட்டியாக நிற்பதன்று. சரியாகக் கண்டால் அது அவனை நோக்கிக் கைகாட்டி நிற்பது.

ஓர் ஆக்ஷேபம்

இங்கே ஓர் ஆக்ஷேபம் எழும். மற்றொன்றைப் பொறாதது விச்வாஸமாகில், ப்ரபந்நன் நோய்க்கு வைத்யனை நாடலாமோ? பிள்ளைகள் கையால் சோறு உண்ணலாமோ? வழி தெரியாதபோது பிறரை வினவலாமோ? இவையெல்லாம் சணற்கயிறாகாவோ?

இதற்கு ஸமாதாநமும் ஸுந்தரகாண்டத்திலேயே இருக்கிறது. 37ஆம் ஸர்கத்தில் திருவடி பிராட்டியிடம், தம் முதுகில் ஏறிக்கொண்டால் அன்றே பெருமாளிடம் சேர்ப்பதாக விண்ணப்பம் செய்கிறார். பிராட்டி இசையவில்லை. கடலின்மேல் செல்லும்போது தான் விழக்கூடும் என்றும், ராக்ஷஸர் தொடர்ந்தால் போர் செய்வதும் தன்னைக் காப்பதும் ஒருசேர இயலாது என்றும், தன் இசைவோடு பரபுருஷ ஸ்பர்சம் கூடாது என்றும் பல காரணங்கள் சொல்லுகிறாள். முடிவாக, பெருமாள் தாமே வந்து ராவணனை அழித்துத் தன்னை அழைத்துச் செல்வதே அவருக்குத் தகுதி என்கிறாள். திருவடியும் அவ்வார்த்தைக்கு உகந்தார்.

இதே பிராட்டிதான் சற்று முன்பு அவர் கொண்டுவந்த திருவாழி மோதிரத்தைப் பெற்று, பெருமாளையே பெற்றாற்போல மகிழ்ந்தவள். சற்றுப் பின்பு காகாஸுர வ்ருத்தாந்தத்தை அடையாளமாகச் சொல்லி, சூடாமணியை அவர் கையில் கொடுத்தவளும் இவளே. த்ரிஜடையின் ஸ்வப்ந வார்த்தையும் அவளுக்கு ஆறுதலாகவே இருந்தது. ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒரே திருவடியை அவள் தூதராக முழுதும் நம்பினாள். ரக்ஷகராக ஏற்க மறுத்தாள். அவர் சக்தியில் ஐயம் கொண்டோ, அவர் அன்பில் குறை கண்டோ மறுத்ததில்லை. பெருமாளுக்கே உரிய இடத்தை வேறொருவருக்குக் கொடுக்கலாகாது என்பதே உட்கருத்து.

இதனால் விபாகம் தெளிவாகிறது. வைத்யன் கொடுக்கும் மருந்தும், பிள்ளையின் பணிவிடையும், நண்பனின் பொருளுதவியும் எம்பெருமான் அனுப்பிய மோதிரம் போன்றவை. அவற்றை மகிழ்ந்து பெறலாம்; நன்றி பாராட்டவும் வேண்டும். கொடுத்தவரையே 'இவரில்லாவிடில் நமக்கு வேறு கதியில்லை' என்று நினைக்கும்போது அதே உதவி கயிறாகிறது. பண்டம் மாறவில்லை, வைக்கப்பட்ட இடம் மாறிற்று. அந்த வைத்யன் ஊரில் இல்லை என்று கேட்டவுடன் நெஞ்சு எவ்வளவு இடிகிறது என்பதைக் கொண்டு, அவர் தூதராக இருந்தாரா ரக்ஷகராக இருந்தாரா என்பதை அவரவரே அறிந்துகொள்ளலாம்.

ரக்ஷகத்வம் அவனுடையது என்றால் நாம் கைகட்டி இருக்கலாம் என்று நினைப்பவருக்கும் விடை உண்டு. எம்பெருமானே உபாயம் என்று ரஹஸ்யங்களில் அறுதியிட்ட பிள்ளை லோகாசார்யர், 1323ஆம் ஆண்டை ஒட்டித் திருவரங்கம் துருஷ்கப் படையால் கலங்கியபோது, முதிர்ந்த வயதில் நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு காடும் மேடும் கடந்தார். ஜ்யோதிஷ்குடியில் திருநாடு அலங்கரித்தார் என்பது குருபரம்பரையில் ப்ரஸித்தம். அது உபாயமாகச் செய்ததன்று, கைங்கர்யம். தன்னைக் காக்கும் பாரத்தை இறக்கியவருக்கே அவனுக்கும் அவன் அடியாருக்கும் உழைக்கக் கை ஒழிகிறது.

ஆசார்யன் மனிதன் அன்றோ?

மற்றோர் ஐயம் நம் ஸம்ப்ரதாயத்துக்கே உரியது. மதுரகவிகள் நம்மாழ்வாரையன்றி வேறு தெய்வம் அறியாதவராக இருந்தார். ஆசார்யாபிமாநமே உத்தாரகம் என்பது முடிவான அர்த்தம். அப்படியாகில் மனிதரிடத்தில் வைத்த விச்வாஸமே மேலானது என்று ஆகாதோ?

ஆகாது. ஈச்வரனைப் பற்றுவது கையைப் பிடித்துக் காரியம் கொள்வது போலவும், ஆசார்யனைப் பற்றுவது காலைப் பிடித்துக் காரியம் கொள்வது போலவும் ஆகும் என்று ஸ்ரீவசநபூஷணம் விளக்குகிறது. கையும் காலும் ஒருவருடைய திருமேனியில் உள்ளவை. காலைப் பிடித்தவன் வேறொருவரைப் பிடித்தவன் ஆகான். மேலும், ஆசார்யன் தன்னிடம் வந்தவனைத் தன்னோடு நிறுத்திக்கொள்வதில்லை. தன்னையே கதியென்று பிறர் நினைப்பதில் உகக்கும் மனிதன் கயிறு. தன்னைப் பற்றியவரை எம்பெருமான் திருவடியில் சேர்த்து மகிழ்பவர் ஆசார்யர். இவ்வளவே வாசி.

விச்வாஸத்தின் பலன்

எம்பெருமான் ஒருவனிடத்திலேயே விச்வாஸம் நிலைத்தவருக்கு மனிதரிடம் எத்தகைய நெஞ்சு உண்டாகும் என்பதைக் கூரத்தாழ்வான் சரிதத்தில் காணலாம். எம்பெருமானாருக்காகச் சோழன் ஸபைக்குச் சென்று ஆழ்வான் தம் திருக்கண்களை இழந்தார். அதற்குக் காரணமாயிருந்தவன் நாலூரான். அவன் வேற்றாளும் அல்லன். ஆழ்வானிடம் ஸம்பந்தம் உள்ளவன் என்றே பெரியோர் கூறுவர். மனிதரை நம்பலாகாது என்பதற்கு இதைவிட வேறு ஸாக்ஷி வேண்டுவதில்லை என்று உலகம் சொல்லும்.

பின்னர் எம்பெருமானாரின் நியமநத்தால் ஆழ்வான் பேரருளாளன் ஸந்நிதியில் வரதராஜஸ்தவத்தை விண்ணப்பம் செய்தார். கண் பெறும்படி கேட்க வேண்டும் என்பதே எம்பெருமானாரின் திருவுள்ளம். வரம் கொடுக்கத் திருவுள்ளமான பெருமாளிடம், தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெறவேண்டும் என்று ஆழ்வான் கேட்டார் என்பது குருபரம்பரை வார்த்தை.

இது எவ்வாறு இயன்றது? பொறுமை என்று மட்டும் சொன்னால் போதாது. நாலூரானிடம் ஆழ்வான் தம் ரக்ஷணத்தை ஒப்படைத்திருந்தால், அவன் தவறியபோது வஞ்சிக்கப்பட்டவராக ஆகியிருப்பார். ஒப்படைத்த இடம் வேறாகையால், நாலூரான் அவர் சொத்து எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. ஆகவே அவனை ஆழ்வானால் கடனாளியாக நோக்காமல், கரையேற வேண்டிய ஓர் ஆத்மாவாக நோக்க முடிந்தது. பிராட்டியும் இவ்வாறே செய்தாள். ராவண வதத்துக்குப் பின், அவளை 10 மாதம் வருத்திய ராக்ஷஸிகளைக் கொல்லத் திருவடி அநுமதி கேட்டபோது, அரசன் ஏவலால் செய்தவர்கள் என்று சொல்லி அவர்களைக் காத்தாள். அவர்களை நம்பி அவள் இருந்ததில்லை. ஆகையால் அவர்களை வெறுக்கவும் வேண்டியிருக்கவில்லை.

எம்பெருமானுக்கே உரிய பாரத்தை மனிதர் தலையில் ஏற்றினால் இரண்டு கேடுகள் விளையும். சுமக்க மாட்டாதவர் தவறுவார். ஏற்றியவர் அவரை வெறுப்பார். முதுமையில் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் கொள்ளும் மனத்தாங்கல்களில் பெரும்பகுதி இவ்வகையைச் சேர்ந்தது. பிள்ளை செய்யவேண்டியதைச் செய்யாத குற்றம் உண்டானால் அது அவனுடைய தர்மலோபம், அதை மறுப்பதற்கில்லை. தந்தையின் அச்சத்தை நீக்கும் பொறுப்பும், மரணத்தில் துணைநிற்கும் பொறுப்பும், அதற்கப்பால் கதியாகும் பொறுப்பும் எந்தப் பிள்ளையாலும் ஏற்க இயலாதவை. அவற்றை அவனிடம் எதிர்பார்த்திருந்து, அவன் தரவில்லை என்று வருந்தினால், அவன் கொண்டுவந்த மோதிரத்தையும் காணாமற்போகிறோம். அந்தப் பாரம் இறங்கவேண்டிய இடத்தில் இறங்கிவிட்டால், எஞ்சி நிற்பது பிள்ளை என்னும் அன்பு மட்டுமே. அவன் ஒரு நாள் வந்து அருகில் அமர்ந்தாலும் அது பெருமாள் அனுப்பிய லாபமாகத் தோன்றும். வராத நாளிலும் முதல் குறையாது.

ஆகையால் மஹாவிச்வாஸம் என்பது மனிதரைக் கைவிடச் சொல்வதன்று. அவர்கள்மேல் நாம் கட்டியிருக்கும் கயிற்றை அவிழ்க்கச் சொல்வது. அஸ்த்ரத்தின் பெருமை அறிந்தவன் கயிறு தேடான். கயிற்றைத் தேடும் கை எப்போது எழுகிறது என்று கவனித்து, எழும்போதெல்லாம் த்வயத்தை அநுஸந்தித்து அதைத் திருவடிகளில் மடக்குவதே ப்ரபந்நனுக்கு உற்றது. ஆழ்வான் திருவடிகளே சரணம்.